இடது இடதுக்கு, வலது வலதுக்கு

கூடப் பிறந்த தங்கையை ஏமாற்றுவது இத்தனை சுலபமாக இருக்கும் என்று காது நினைத்திருக்கவில்லை. "சர்வீஸ் பண்ணித் தரேன் பாப்பா" என்று ஒரே ஒரு வரிதான் சொன்னார். அவள் பீரோ கதவைத் திறந்து, உள்பக்க ஆணியில் தலையணை உறைக்குள் தொங்கிய ஹெட்ஃபோனை எடுத்து, மறுபேச்சு பேசாமல் கையில் கொடுத்துவிட்டாள். கூடவே ஒரு டம்ளர் டீயும் கொடுத்தாள். டீயைக் குடிக்கும்போது அவருக்குத் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் பீரோவைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தார்.

காது என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். கூட்டங்கள், விசாரணைகள், மருத்துவர்கள் சொல்லிவைக்கும் குறிப்புகள் என்று ஒலிப்பதிவாக வருவதையெல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கிற அலுவலகம் அது. பதினெட்டு பேர் வரிசையாக உட்கார்ந்து, மேசைக்கு அடியில் இருக்கும் மிதியைக் காலால் அமுக்கிப் பதிவை ஓட்டுவதும் நிறுத்துவதுமாகக் காலையிலிருந்து மாலைவரை தட்டிக்கொண்டிருப்பார்கள். யாருக்காவது ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் எழுந்து இவருடைய மேசைக்குத்தான் வருவார்கள். யாரோ இருமியதற்கும் யாரோ நாற்காலியை இழுத்ததற்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சொல்லை இவர் கண்ணை மூடிக் கேட்டு, "ஒப்புக்கொள்ளவில்லைன்னு சொல்றாரு, ஒப்புக்கொண்டேன்னு இல்ல" என்று பிடித்துத் தருவார். இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது. ஐம்பத்தொரு வயதில் மனிதருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். ஒன்றே ஒன்று என்பதால் அதைக் கொஞ்சம் அதிகமாகவே வளர்த்து வைத்திருந்தார்.

அந்தக் கர்வத்தில் பாதி அவருடைய ஹெட்ஃபோனுக்குச் சேரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜோடியாக வாங்கினால் சலுகை என்று இரண்டு வாங்கி, ஒன்றை அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தங்கைக்குக் கொடுத்தார். எட்டு வருடம் கழித்து அந்த மாடலின் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் அவர் அதைப் பராமரித்த அழகை அவர் மனைவியைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வாள். காதில் படும் மெத்தையின் தோல் உரிந்தபோது, பழைய மழைக்கோட்டின் உள்துணியை வெட்டிக் கையாலேயே புது உறை தைத்தார். அவருடைய இடது காது கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும், அதற்காக இடது மெத்தைக்கு மட்டும் பஞ்சு ஒரு பிடி கூடுதல். தலைப்பட்டையின் ஆணி கழன்று விழுந்தபோது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு குட்டி ஆணி வாங்கி வந்தார். ஒயரை நான்கு முறை மாற்றிவிட்டார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் காரியம், பஞ்சை நனைத்துப் பிழிந்து அதைத் துடைப்பது. மனைவி அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்திருந்தாள். "மூத்தாளைக் குளிப்பாட்டியாச்சுன்னா சாப்பிட வரலாம்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

அதைத் தலையில் மாட்டுவதற்கு அவர் ஒரு சட்டமே வைத்திருந்தார். இடது இடதுக்கு, வலது வலதுக்கு. அலுவலகத்தில் யாராவது ஹெட்ஃபோனை மாற்றி மாட்டியிருப்பதைப் பார்த்தால், சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். கூப்பிட்டுத் திருத்தாமல் நகரமாட்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவருடைய தலையில் அது மாறி ஏறியதில்லை. இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய மானத்தை வாங்கியது அதுதான்.

ஆறு மாதமாக இடது பக்கம் மங்கிக்கொண்டே வந்தது. முதலில் ஒயரைச் சந்தேகப்பட்டு ஐந்தாவது முறையாக மாற்றினார். பிறகு ஒயரின் முனையில் இருக்கும் பின்னை மாற்றினார். கணினியை மாற்றிப் பார்த்தார். எதற்கும் அசையவில்லை. இது உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரின் வேலைதான் என்று முடிவு செய்து, குழுவில் எழுதினார். குழு என்றால், அதே மாடலை இன்னமும் விடாமல் வைத்திருக்கும் பதினான்கு பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தேசம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மெத்தை தைப்பதில் இவர்தான் அவர்களுக்கெல்லாம் வாத்தியார். எழுதிய ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் பதில் போட்டார்கள். எப்போதும் இடதுதான் முதலில் போகும், உள்ளே இருக்கும் பசை இளகிவிடும், எங்களுக்கும் அப்படித்தான் ஆனது, வேறு ஸ்பீக்கர் போட்டால்தான் உண்டு என்று எழுதியிருந்தார்கள். வேறு ஸ்பீக்கர் எங்கே கிடைக்கும் என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது. பத்து நிமிட பஸ் தூரத்தில், ஒரு பீரோ கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கை ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயவைக்கும் இடம், எட்டு மணி நேரமும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் மாமியாரின் டிவி, இரண்டு மகள்களின் சண்டை, பஸ் ஓட்டிவிட்டு வந்தும் போனில் யாருக்கோ ரூட்டு சொல்லிக்கொண்டிருக்கும் கணவர். இதற்கு நடுவில் சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழுவரை அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். அந்த அரை மணி நேரம் மட்டும் வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடக்கூடாது. எதற்கெடுத்தாலும் மருமகளைக் கூப்பிடுகிற மாமியாரே, "அவ பாட்டு கேக்கறா, இரு" என்று பேத்திகளை அடக்குவார். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவள் தனக்கென்று வாங்கிக்கொண்டது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

இதெல்லாம் அவருக்கும் தெரியும். தெரிந்தே, இன்னொன்றையும் நினைத்தார். பாட்டுக் கேட்கிறவளுக்கு எது இருந்தால் என்ன, இடது கொஞ்சம் மங்கலாக இருந்தால் அவளுக்குத் தெரியவா போகிறது? தனக்கு இது பிழைப்பு, அவளுக்குப் பொழுதுபோக்கு. இந்த நினைப்பு வந்த வேகத்தில் கிளம்பியவர்தான், தங்கை வீட்டில் டீ குடித்துவிட்டு ஹெட்ஃபோனோடு திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தார். தங்கையுடையதன் இடது ஸ்பீக்கரைப் பெயர்த்துத் தன்னுடையதில் வைத்தார். தன்னுடைய மங்கிய இடதை அவளுடையதில் வைத்துப் பற்றவைத்தார். விசிறி தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தும் வியர்த்தது. வாசலில் யாரோ பேசும் சத்தம் கேட்டதும் செய்தித்தாளை மடித்து எல்லாவற்றையும் மூடினார், பிறகு தன் வீட்டில் தானே ஒளிவதை எண்ணி வெட்கப்பட்டார். செய்த பாவத்துக்கு ஈடாக அவளுடைய மெத்தைக்கு மெல்லிய துணியில் புது உறை தைத்து, தலைப்பட்டையைத் துடைத்துப் பளபளப்பாக்கினார். வீடு புகுந்து திருடியவன் போகும்போது வீட்டைப் பெருக்கி வைத்துவிட்டுப் போன மாதிரிதான்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு பாட்டை முழுசாகக் கேட்டாள்.

"புதுசு மாதிரி இருக்குண்ணா" என்றாள்.

"இடது பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தான். உன் கை பட்டா சும்மாவா."

பாவம், அவளுக்குக் காது அவ்வளவுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். தான் போட்ட கணக்கு சரியாகப் போனதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி வந்ததே என்று இன்னொரு பக்கம் அசிங்கமாகவும் இருந்தது. அன்றைக்கு அவளிடம் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஆனால் அவருடைய இடது பக்கம் தேறவில்லை. ஒரு வாரம் பொறுத்தார், இரண்டு வாரம் பொறுத்தார். மங்கல் அப்படியேதான் இருந்தது, சொல்லப்போனால் இன்னும் கூடியிருந்தது. வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்திருப்பார். ஸ்பீக்கர் மாறியும் மங்கல் போகவில்லையே, கோளாறு வேறெங்கோ அல்லவா என்று தோன்றியிருக்கும். காதுக்கு அப்படித் தோன்றவில்லை. எப்போதும் இடதுதான் முதலில் போகும் என்று குழுவில் சொன்னார்களே, தங்கையுடைய இடதும் போயிருந்திருக்கிறது, அவளுக்குத்தான் அது தெரியவில்லை என்று முடித்துவிட்டார். விஷயம் தெரிந்தவர்களுக்கே உரிய முட்டாள்தனம் இது, தெரியாதவர்கள் இத்தனை தூரம் போகமாட்டார்கள். அவளுடைய வலது நன்றாகத்தானே இருக்கும் என்பது அடுத்து வந்த யோசனை.

இதற்கிடையில் வேறு சில காரியங்களும் நடந்துகொண்டிருந்தன, அவற்றையெல்லாம் அவர் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்த பெண் எது கேட்டாலும் வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று அவளுக்கு முணுமுணு எனப் பெயர் வைத்தார். "வாயைத் திறந்து பேசும்மா" என்று நாலு பேர் முன்னால் சொல்லி, அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனதையும் பார்த்தார். வீட்டில் மனைவி, "நான் சொல்றது எதையுமே நீங்க காதுல போட்டுக்கறதில்ல" என்று குறைப்பட்டுக்கொண்டாள். எந்த மனைவிதான் இதைச் சொல்லவில்லை என்று விட்டுவிட்டார். யார் எது சொன்னாலும் ஒரு பாதிச் சிரிப்போடு தலையாட்டிவைக்கும் பழக்கம் அவருக்கு எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது தடவை தங்கையிடம் போய், பசை காய்ந்துவிட்டதா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்றார். அவள் அதற்கும் எடுத்துக் கொடுத்தாள். "உனக்கு எதுக்குண்ணா இவ்ளோ சிரமம்" என்று வேறு சொன்னாள்.

இந்த முறை கை சொன்னபடி கேட்கவில்லை. வலது ஸ்பீக்கர் இறுக்கமாக ஒட்டியிருந்தது. கத்தி முனையால் நெம்பினார், இன்னும் கொஞ்சம் நெம்பினார், வெங்காயத்தோல் போல மெல்லிசாக இருக்கும் அதன் ஜவ்வு குறுக்கே கிழிந்தது. பதறி, கையிலிருந்த சால்டரிங் இரும்பை ஒயர்கள் வந்து சேரும் இடத்தின் மேலேயே வைத்துவிட்டார். பிளாஸ்டிக் உருகி நாற்றம் வந்தது. அந்த மாடலில் ஒயர் வலது பக்கம் நுழைந்து, தலைப்பட்டைக்குள் ஓடித்தான் இடதுக்குப் போகும். ஆக இரண்டு பக்கமும் ஊமையாகிவிட்டது. மெனக்கெட்டால் இடதையாவது பேசவைத்திருக்கலாம், அவருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் இடதில் இருப்பது தன்னுடைய கெட்டுப்போன பழசுதானே, அதற்கு எதற்கு இத்தனை பாடு என்று தோன்றியது. அலுப்பும் சேர்ந்துகொண்டது. அப்படியே மூடி, ஆணியை முடுக்கிவிட்டார்.

"வயசாயிடுச்சு பாப்பா. தேறாது" என்று சொன்னார். எத்தனையோ பேருடைய பொய்யை வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்தவர், தன்னுடையதையும் அதே சரளத்தோடு சொன்னார்.

அவள் அதைக் கையில் வாங்கி, புதிதாகத் தைத்த உறையைத் தடவிப் பார்த்தாள். பரவாயில்லை என்றாள், இத்தனை வருடம் வந்ததே பெரிது என்றாள். உனக்கு ஏதாவது பாகம் கழற்றிக்கொள்ள உதவுமென்றால் எடுத்துக்கொள் என்றும் சொன்னாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். வேறு ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார், அவசரமில்லை என்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார்.

பத்து நாள் கழித்து, கடையில் ஒரு புது ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனார். மணி ஆறே முக்கால். மாமியார் கதவைத் திறந்து, குரலைத் தாழ்த்தி, "பாட்டு கேக்கறா, உக்காருங்க" என்றார். ஜன்னலோரம் தங்கை உட்கார்ந்திருந்தாள். தலையில் அதே பழைய ஹெட்ஃபோன். அதன் ஒயர் மடிக்குள் போய் முந்தானை மடிப்பில் முடிந்திருந்தது. போன் அந்தப் பக்கம் அலமாரியில் சார்ஜில் கிடந்தது.

அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். உதட்டில் விரலை வைத்தாள். அவர் பக்கத்தில் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"கேக்கலன்னு யாருக்கும் தெரியாதுண்ணா. சொல்லிடாத. தெரிஞ்சா கூப்பிட ஆரம்பிச்சிடுவாங்க."

அவருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வாங்கி வந்த புதுப் பெட்டியை நீட்டினார். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், பெட்டிமேல் இருந்த படத்தைக் காட்டி, காதுக்குள் சொருகுகிற இந்தக் குட்டி ரகமெல்லாம் வெளியே தெரியாதே, மாட்டியிருக்கிறாளா இல்லையா என்று அத்தைக்கு எப்படிப் புரியும் என்று சிரித்தாள். மூத்த மகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தாள். மிச்சமிருந்த கால் மணி நேரமும் அவர் எதிரில் உட்கார்ந்து, ஒன்றுமே ஒலிக்காத ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தங்கை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். டிவியில் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள்கள் அடுத்த அறையில் சீப்புக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாமே அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததற்கு ஒரு காரணமும் இல்லை, வெட்கம்தான்.

அதற்கடுத்த வாரம் அலுவலகத்தில் எல்லோருக்கும் காது பரிசோதனை ஏற்பாடு செய்திருந்தார்கள். நாள் முழுக்க ஹெட்ஃபோன் மாட்டுகிற வேலை, வருடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று புதிதாக விதி வந்திருந்தது. காதுக்கே பரிசோதனையா என்று சகாக்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, மற்றவர்களுக்கெல்லாம் மதிப்பெண் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு உள்ளே போனார். சத்தம் புகாத சின்னக் கண்ணாடி அறை. சோதிக்க வந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, கூவென்று சின்னச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னாள்.

வலது பக்கம் முடிந்தது. ஒன்றையும் விடாமல் அமுக்கினார். அந்தப் பெண் ஏதோ குறித்துக்கொண்டு, இனி இடது பக்கம் என்று கைகாட்டினாள். அவர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பெட்டியில் எதையோ திருகிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, தெரிந்தவர்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்று, கதவை லேசாகத் திறந்து தலையை நீட்டினார்.

"மேடம், உங்க ஹெட்ஃபோன்ல இடது பக்கம் வரல. உள்ள ஒயர் விட்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் இருந்தா குடுங்க, அஞ்சு நிமிஷத்துல பாத்துத் தரேன்."

அவள் எழுந்து உள்ளே வந்து, அவர் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி, இடது வலதாகத் திருப்பி மறுபடி மாட்டினாள்.

"மேடம், மாத்திப் போட்டுட்டீங்க" என்றார். "இடது இடதுக்கு..."

"ஒரு நிமிஷம் இப்படியே இருங்க சார்."

கதவு மூடியது. வலது காதில் சத்தம் தெளிவாக வந்தது. ஒயர் விட்டிருக்கும் என்று ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவர் சொன்ன அதே பக்கத்திலிருந்துதான் வந்தது. ஊசி விழுந்தாற்போல் அவ்வளவு சன்னமான சத்தம், துல்லியமாகக் கேட்டது. பிறகு அவள் அடுத்த பக்கத்தைப் போட்டாள். சற்று முன் வலது காதில் கணீரென்று கேட்ட பக்கம் அது. இப்போது இடது காதை மூடிக்கொண்டிருந்தது. அவர் பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அப்பால் அவள் திருகுவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

நரம்புக் கோளாறாக இருக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக நடந்திருக்கும், உடனே பெரிய டாக்டரைப் பாருங்கள், போனது திரும்பி வருமா என்று சொல்ல முடியாது என்றெல்லாம் அந்தப் பெண் பக்குவமாகச் சொன்னாள். அவருக்குத் தன் காதைப் பற்றிய நினைப்பே வரவில்லை. சாப்பாட்டு மேசையும் செய்தித்தாளும் கிழிந்த ஜவ்வும்தான் கண் முன்னால் நின்றன. அவருடைய இடதும் நன்றாக இருந்தது, அவளுடைய இடதும் நன்றாக இருந்தது. இரண்டு வலதுகளும் நன்றாகத்தான் இருந்தன. நாலும் நல்லவை. தங்கை கேட்டுவிட்டு, ரெண்டு பக்கமும்தான் என்று சொன்னாளே, அது அவளுக்குக் காது இல்லாததால் சொன்னதல்ல. அங்கே காது இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது, முணுமுணு என்று அவர் பெயர் வைத்த பெண் என்னவோ கேட்டாள். அவர் நாற்காலியை முழுசாகத் திருப்பி, வலது காதைக் கொடுத்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மற்றவர்களைப் போலவே நன்றாக, அழுத்தம் திருத்தமாகத்தான் பேசினாள். பரிசோதனை எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். அன்றைக்கு அவ்வளவு தெம்பு இல்லை, மறுநாள்தான் கேட்டார்.

சாயங்காலம் நேரே தங்கை வீட்டுக்குப் போனார். துணிப்பையில் தன்னுடைய ஹெட்ஃபோன் இருந்தது. ஆறு மணி, அவள் பின்பக்கத்துப் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. அவர் ஒன்றில் உட்கார்ந்தார். அவள் துணிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கத் தொடங்கினாள்.

அவர் ஒன்று விடாமல் சொன்னார். சர்வீஸ் என்று சொன்னது பொய், ஸ்பீக்கரை மாற்றி வைத்தது, உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தது, இரண்டாவது முறை வலதையும் எடுக்க வந்தது, கிழித்தது, உருக்கியது, இடதைச் சரிபண்ண முடிந்தும் அலுப்பில் விட்டது, வயதாகிவிட்டது என்று கதை விட்டது. பரிசோதனை அறையில் ஸ்க்ரூ டிரைவர் கேட்டதையும் சொன்னார். அந்த இடத்தில் சிரிக்க முயற்சி செய்தார், வரவில்லை. பேசும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை, எதிர்வீட்டுச் சுவரில் ஒழுகிக் காய்ந்திருந்த தண்ணீர்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் துணிப்பையை அவள் மடியில் இருந்த துணிகளின் மேல் வைத்தார்.

"இது உனக்கு. உன்னோட பழசுல இடது பக்கத்தை நான் சரி பண்ணிக்கறேன். ஒரு பக்கம் போதும் எனக்கு. வலதுக்கு மாத்தி வச்சுக்கறேன்."

அவள் பையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்தாள். இடது மெத்தை ஒரு பிடி தடிமனாக இருப்பதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மாட்டிக்கொண்டு, போனில் செருகி, எதையோ ஓடவிட்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். உள்ளே மாமியார் யாரையோ கூப்பிட்டு, பிறகு தானே, "கேக்கறாளா, சரி சரி" என்று அடங்கினார். அவள் கழற்றி மடியில் வைத்தாள். ஒரு துணியை எடுத்து மடித்துக்கொண்டே, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

அவர் ஒரு பாதிச் சிரிப்போடு தலையாட்டினார்.

துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னமும் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், ஆமாம் ஆமாம் என்பதுபோல.  கூடையைத் தரையில் இறக்கி வைத்தாள். எழுந்து, அவருடைய நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து, வலப்பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. அதே கேள்வியை, அதே மெதுவான குரலில் திருப்பிக் கேட்டாள்.

"நீ கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்னு நெனச்சியாண்ணா?"

இந்த முறை ஒரு எழுத்துகூட விடாமல் கேட்டது. அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவருக்குத் தலையை எந்தப் பக்கமும் ஆட்ட முடியவில்லை.